முடக்கு வாதம் அடங்குகிறது, கொழுப்பு ஏறுகிறது: ரத்த அறிக்கையில் இதய ஆபத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி இது: அம்மாவுக்கு வயது 54. எட்டு ஆண்டுகளாக முடக்கு வாதம், ஆன்டி-சிசிபி (இந்த நோயைக் காட்டும் எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ். வாரம் 20 மி.கி. மெத்தோட்ரெக்சேட் எடுத்தும் மூட்டு வீக்கம் அடங்காததால் டோசிலிசுமாப் ஊசி தொடங்கினார்கள். தொடங்கும் முன் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதம்) 38 மி.கி./லிட்டர், மொத்தக் கொழுப்பு 166, கெட்ட கொழுப்பான எல்டிஎல் 104, நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு 140. நான்கு மாதம் கழித்து சிஆர்பி 1, மொத்தக் கொழுப்பு 206, எல்டிஎல் 128, ஹெச்டிஎல் 48, ட்ரைகிளிசரைடு 150. மூட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் மருந்து இதயத்தைக் கெடுக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. எந்த ரத்தச் சோதனையை நம்புவது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். முடக்கு வாதம் உள்ளவரின் கொழுப்பு அறிக்கையை, அதே நாளில் எடுத்த சிஆர்பி இல்லாமல் படிக்கவே கூடாது. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் எண்களுக்குப் பொருள் வரும். உங்கள் அம்மாவின் பழைய 104 அவருடைய உண்மையான எல்டிஎல் அல்ல. அழற்சி அதைக் கீழே அழுத்தி வைத்திருந்தது.

ஏன் அப்படி? உடலில் அழற்சி கொழுந்துவிட்டு எரியும்போது கொழுப்புத் துகள்கள் ரத்தத்திலிருந்து வழக்கத்தைவிட வேகமாக அகற்றப்படுகின்றன. எல்டிஎல், ஹெச்டிஎல் இரண்டும் இறங்கும். அறிக்கையைப் பார்த்தால் "கொழுப்பு குறைவு, நல்லது" என்று தோன்றும். ஆனால் அதே நேரத்தில்தான் மாரடைப்பு ஆபத்து கூடுதலாக இருக்கிறது. இதை மருத்துவ உலகில் கொழுப்பு முரண் என்பார்கள். சிகிச்சை பலித்து அழற்சி அடங்கியதும் அகற்றும் வேகம் பழைய நிலைக்குத் திரும்புகிறது, எண்கள் ஏறுகின்றன. டோஃபாசிட்டினிப் என்ற வாத மாத்திரை எடுத்த நோயாளிகளிடம் கொழுப்பின் சிதைவு வேகத்தை நேரடியாக அளந்து பார்த்தபோதும் இதுவே தெரிந்தது: நோய் தீவிரமாக இருந்தபோது சிதைவு அதிகம், சிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய ஆரோக்கியமானவர்களின் அளவு.

ஹெச்டிஎல் விஷயத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அழற்சியின்போது கல்லீரல் சீரம் அமைலாய்டு ஏ என்ற புரதத்தை ஏராளமாக உற்பத்தி செய்கிறது. அது ஹெச்டிஎல் துகளுக்குள் புகுந்து அங்கிருந்த அப்போ ஏ-1 புரதத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரிலிருந்து கொழுப்பை எடுத்து வரும் வேலையை அப்படிப்பட்ட ஹெச்டிஎல் சரியாகச் செய்வதில்லை. ஆகவே நோய் தீவிரமாக இருக்கும் காலத்தில் ஹெச்டிஎல் 50 என்று வந்தாலும் அது முழு 50-இன் பாதுகாப்பைத் தராது. ஆய்வகம் அளவைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது.

அதனால்தான் இந்த நோயில் தனித்தனி எண்களைவிட மொத்தக் கொழுப்பை ஹெச்டிஎல்லால் வகுத்து வரும் விகிதம் நம்பகமானது. இரண்டும் சேர்ந்து இறங்கி சேர்ந்து ஏறுவதால் விகிதம் அவ்வளவாக ஆடாது. ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பான யூலாரின் பரிந்துரையும் இந்த விகிதத்தையே பயன்படுத்தச் சொல்கிறது. உங்கள் அம்மாவுக்கு முன்பு 166 / 34 = 4.9. இப்போது 206 / 48 = 4.3. எல்டிஎல் 24 புள்ளி ஏறியிருக்கிறது, விகிதமோ இறங்கியிருக்கிறது. இதை மட்டும் வைத்து "ஆபத்து குறைந்துவிட்டது" என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருந்து இதயத்தைக் கெடுக்கிறது என்பதற்கு இந்த அறிக்கையில் ஆதாரம் இல்லை.

இந்த மருந்தைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டுப் பெரிய ஆய்வே நடந்திருக்கிறது. என்ட்ராக்ட் என்ற அந்த ஆய்வில் 3,080 முடக்கு வாத நோயாளிகளை டோசிலிசுமாப், எட்டனர்செப்ட் (வேறொரு வகை வாத ஊசி) என்று இரு குழுவாகப் பிரித்துச் சில ஆண்டுகள் தொடர்ந்தார்கள். எல்லோருமே இதய ஆபத்து ஏற்கெனவே கூடியவர்கள். நான்காவது வாரத்தில் டோசிலிசுமாப் குழுவின் எல்டிஎல் மற்றக் குழுவைவிடச் சுமார் 11 சதவீதம் அதிகம். ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆபத்து விகிதம் 1.05 (1 என்றால் இரு குழுவுக்கும் சமம்).

இந்தச் செய்தி ஆறுதல்தான். ஆனாலும் ஏறிய எல்டிஎல்லைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. 128 என்பது அழற்சி மறைத்து வைத்திருந்த உண்மை எண். இனிமேல் ஆபத்தைக் கணக்கிட வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான். நோய் தீவிரமாக இருந்தபோது எடுத்த 104-ஐ வைத்துக் கணக்கிட்டிருந்தால் அவருடைய ஆபத்தைக் குறைவாக மதிப்பிட்டிருப்போம். கொழுப்பைச் சோதிக்கச் சரியான காலம் நோய் அடங்கியிருக்கும் காலம் என்று யூலார் சொல்வது இதனால்தான். டோசிலிசுமாப், டோஃபாசிட்டினிப் போன்ற மருந்து தொடங்கினால், தொடங்கும் முன் ஒருமுறை, பிறகு 4 முதல் 8 வாரத்துக்குள் ஒருமுறை பார்ப்பது வழக்கம்.

இனி சிஆர்பி. சிஆர்பி உடலில் பாதியாகக் குறைய எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 19 மணி. சளி, பல் ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று என்று எது வந்தாலும் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி இரண்டு நாளில் உச்சம் தொடும். எனவே ஒற்றைச் சிஆர்பி எண்ணுக்கு மதிப்புக் குறைவு. இதயத்தைப் பொறுத்தவரை முக்கியம், பல ஆண்டுகளில் அது மொத்தமாக எவ்வளவு காலம் உயர்ந்து நின்றது என்பதே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30, 25, 40 என்று வந்துகொண்டே இருந்த ஒருவருக்கும், ஒரே ஒரு முறை 60 வந்து மறு மாதம் 4 ஆனவருக்கும் ரத்தக்குழாய் பட்ட பாடு ஒன்றல்ல. காய்ச்சல் வந்து இரண்டு வாரமாவது கழித்துச் சோதனைக்குப் போங்கள்.

அலகை ஒவ்வொரு முறையும் பாருங்கள். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு இவ்வளவு மில்லிகிராம் என்று தரும், சில டெசிலிட்டருக்குத் தரும். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். 3.8 மி.கி./டெசிலிட்டர் என்பதும் 38 மி.கி./லிட்டர் என்பதும் ஒன்றே. ஆய்வகம் மாறியபோது 38-இலிருந்து 3.8 ஆகிவிட்டது என்று மகிழ்ந்து மருந்தைக் குறைத்துக்கொள்வது உண்மையில் நடக்கக்கூடிய தவறு.

"ஹெச்எஸ்-சிஆர்பி" என்ற பெயரில் தனியாக ஒரு சோதனை உண்டு. அது வேறு பொருளை அளப்பதில்லை. அதே சிஆர்பியை மிகக் குறைந்த அளவிலும் துல்லியமாக அளக்கும் முறை, அவ்வளவுதான். 1 மி.கி./லிட்டருக்குக் கீழ் குறைந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்ற பிரபலமான எல்லைகள் அழற்சி நோய் இல்லாத பொது மக்களுக்காக வகுக்கப்பட்டவை. முடக்கு வாதம் உள்ளவருக்கு மூட்டு வீக்கமே அந்த எண்ணை 3-க்கு மேல் கொண்டுபோய்விடும். அதனால் அந்த அட்டவணையை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. கல்லீரலைச் சிஆர்பி உற்பத்தி செய்யத் தூண்டுவது இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் புரதம். டோசிலிசுமாப் அடைப்பது அதன் ஏற்பியைத்தான். ஆகவே மூட்டில் நோய் எஞ்சியிருந்தாலும் சிஆர்பி 1 என்று வரலாம். சிவப்பணு படியும் வேகத்தை வைத்து அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆரும் அதே காரணத்தால் இறங்கிவிடும். இன்னும் ஆபத்தான விளைவு, நிமோனியா போன்ற தொற்று வந்தாலும் சிஆர்பி ஏறாமல் இருக்கலாம், காய்ச்சலும் மட்டுப்படலாம். இந்த ஊசி தொடரும் காலம் முழுவதும் "சிஆர்பி நார்மல், அதனால் தொற்று இல்லை" என்று யாரும் முடிவு செய்ய விடாதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் மருந்தின் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

அப்படியானால் நோய் உண்மையில் அடங்கியதா என்று எப்படி அறிவது? விரலால் மூட்டைத் தொட்டு எண்ணித்தான். சிடிஏஐ என்ற மதிப்பெண் முறையில் ரத்தச் சோதனையே கிடையாது. 28 மூட்டுகளில் வீங்கியவை எத்தனை, தொட்டால் வலிப்பவை எத்தனை, நோயாளி தரும் மதிப்பெண் 10-க்கு எவ்வளவு, மருத்துவர் தருவது 10-க்கு எவ்வளவு என்ற நான்கையும் கூட்டினால் போதும். 2.8 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் நோய் ஓய்ந்தது, 10 வரை குறைந்த தீவிரம், 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். டோசிலிசுமாப், அதே வகையைச் சேர்ந்த சாரிலுமாப் எடுப்பவர்களுக்கு நான் நம்புவது இதைத்தான்.

இஎஸ்ஆர் பற்றிச் சுருக்கமாக. அது மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ரத்தசோகை இருந்தாலே உயரும், வயது கூடினால் உயரும். பெண்களுக்கு வயதோடு 10 கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் எண் வரை ஏறக்குறைய இயல்பு. 54 வயதில் 32. ஆண்களுக்கு வயதில் பாதி. ஹீமோகுளோபின் 9 உள்ளவரின் இஎஸ்ஆர் 50-ஐப் பார்த்து மட்டும் நோய் தீவிரம் என்று சொல்லிவிட முடியாது.

அழற்சி ஏன் இதயத்தைத் தொடுகிறது என்று ஒரு பத்தி. மூட்டுச் சவ்வில் சுரக்கும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் புரதங்கள் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றுகின்றன. ரத்தக்குழாயின் உட்படலம் ஒட்டும் தன்மை பெறுகிறது, வெள்ளணுக்கள் சுவருக்குள் நுழைகின்றன, படிந்த கொழுப்பின் மேல் உள்ள மூடி மெலிந்து எளிதில் வெடிக்கிறது. அழற்சியால் கூடும் ஃபைப்ரினோஜென் என்ற உறைவுப் புரதம் அங்கே ரத்தம் உறைவதை விரைவாக்குகிறது. அழற்சியைத் தனியாகக் குறைத்தாலே மாரடைப்பு குறையுமா என்பதற்கு 2017-இல் வந்த கான்டோஸ் ஆய்வு விடை தந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த, ஹெச்எஸ்-சிஆர்பி 2 அல்லது அதற்கு மேல் இருந்த 10,061 பேரில், இன்டர்லூக்கின்-1 பீட்டாவை அடைக்கும் கானாகினுமாப் 150 மி.கி. அளவில் இதய நிகழ்வுகளைச் சுமார் 15 சதவீதம் குறைத்தது, எல்டிஎல்லைத் தொடாமலேயே. அடுத்து வந்த சர்ட் ஆய்வில் வாரம் 15 முதல் 20 மி.கி. மெத்தோட்ரெக்சேட் கொடுத்தபோது எந்தப் பலனும் இல்லை, சிஆர்பியும் குறையவில்லை. இதைப் படித்துவிட்டு "மெத்தோட்ரெக்சேட் இதயத்துக்கு உதவாது" என்று நினைக்க வேண்டாம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் முடக்கு வாதம் இல்லாத இதய நோயாளிகள், அவர்களிடம் அடக்க வேண்டிய பெரிய அழற்சி தொடக்கத்திலேயே இல்லை. முடக்கு வாதம் உள்ளவர்களைக் கவனித்த ஆய்வுகளின் தொகுப்பில் மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களிடம் இதய நிகழ்வுகள் கால் பங்குக்கு மேல் குறைவாகவே காணப்பட்டன.

ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி-சிசிபி இரண்டும் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு இதய ஆபத்து கூடுதல். ஆனால் இவற்றை ஆண்டுதோறும் திரும்பத் திரும்பச் சோதிப்பதால் ஒன்றும் கிடைக்காது. நோய் அடங்குவதைக் காட்டும் அளவுகோல் இவையல்ல. ஒருமுறை தெரிந்தால் போதும்.

ஆபத்தைக் கணக்கிடும் முறைக்கு வருவோம். முடக்கு வாதத்தில் இதய நோய் ஆபத்து பொதுவாக ஒன்றரை மடங்கு என்று எடுத்துக்கொள்கிறோம். அளவில் அது இரண்டாம் வகை நீரிழிவு தரும் ஆபத்துக்கு நெருங்கியது. வயது, ரத்த அழுத்தம், புகை, கொழுப்பு ஆகியவற்றைப் போட்டுப் பத்தாண்டு ஆபத்தைச் சதவீதமாகத் தரும் கணிப்பான்கள் பலவற்றில் முடக்கு வாதத்துக்கு இடமே இல்லை. அப்படிப்பட்ட கணிப்பானில் வந்த விடையை 1.5-ஆல் பெருக்க வேண்டும். ஐரோப்பாவின் ஸ்கோர்-2 கணிப்பானில், 2021 வழிகாட்டுதலின்படி, 50 முதல் 69 வயது வரை 5 சதவீதத்துக்குக் கீழ் குறைந்த அல்லது நடுத்தர ஆபத்து, 5 முதல் 10-க்குள் அதிகம், 10-க்கு மேல் மிக அதிகம். ஒருவருக்கு 4 என்று வந்தால் பெருக்கிய பின் 6. பிரிவே மாறிவிடுகிறது, அதோடு ஸ்டேட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) பற்றிய முடிவும் மாறுகிறது. ஆனால் கியூரிஸ்க்-3 போன்ற கணிப்பானில் முடக்கு வாதமும் ஸ்டீராய்டும் உள்ளேயே கணக்கில் இருக்கின்றன. அதில் வந்த விடையை மறுபடி 1.5-ஆல் பெருக்கினால் ஒரே ஆபத்தை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும்.

யூலார் இந்தக் கணக்கை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்யச் சொல்கிறது, வாத மருந்தில் பெரிய மாற்றம் வந்தாலும் மறுபடி செய்யச் சொல்கிறது. உங்கள் அம்மாவுக்கு இப்போது அந்த இரண்டாவது காரணம் வந்துவிட்டது. கணக்கு எல்லைக்கோட்டில் நின்றால் கழுத்துத் தமனியை அல்ட்ராசவுண்டில் பார்க்கலாம். அங்கே கொழுப்புப் படிவு தெரிந்தால் சதவீதக் கணக்கை ஒதுக்கிவிட்டு அதிக ஆபத்து உள்ளவராகவே நடத்த வேண்டும். ரத்தச் சோதனை எத்தனை எடுத்தாலும் சொல்ல முடியாததை இந்தப் படம் சில நிமிடத்தில் சொல்லிவிடும்.

எல்டிஎல் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்பதற்கு முடக்கு வாதத்துக்கென்று தனி இலக்கு இல்லை. ஐரோப்பிய இலக்குகள்படி நடுத்தர ஆபத்தில் 100-க்குக் கீழ், அதிக ஆபத்தில் 70-க்குக் கீழ், மிக அதிகத்தில் 55-க்குக் கீழ் (மி.கி./டெசிலிட்டர்). அறிக்கை மில்லிமோலில் வந்தால் 38.67-ஆல் பெருக்குங்கள். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் வழக்கமான சூத்திரப்படி கணக்கிட்ட எல்டிஎல் செல்லாது. அப்போது நேரடியாக அளக்க வேண்டும், அல்லது அப்போ-பி பார்க்க வேண்டும். அப்போ-பி கொழுப்புத் துகள்களின் எண்ணிக்கையையே சொல்வதால் ட்ரைகிளிசரைடு அதிகமாகவும் எல்டிஎல் "நார்மலாகவும்" இருப்பவரிடம் மிகவும் பயன்படும். சாதாரண கொழுப்புச் சோதனைக்கு வெறும் வயிறு கட்டாயம் இல்லை.

லிப்போபுரோட்டீன்-ஏ என்ற கொழுப்புத் துகளை வாழ்நாளில் ஒருமுறை பார்க்கலாம். பெரும்பாலும் பிறவியிலேயே தீர்மானமாகும் எண்; 50 மி.கி./டெசிலிட்டர் அல்லது 125 நானோமோல்/லிட்டர் தாண்டினால் ஆபத்தைக் கூட்டும். இந்த இரண்டு அலகையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சரியாக மாற்ற முடியாது, எந்த அலகில் வந்ததோ அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டோசிலிசுமாப் இதைக் கணிசமாகக் குறைக்கும். எனவே ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவு அவருடைய இயல்பான அளவைவிடக் குறைவாகத் தெரியும் என்று குறித்து வையுங்கள்.

சர்க்கரைச் சோதனையில் இந்த நோயாளிகள் அடிக்கடி ஏமாற்றப்படுகிறார்கள். காலையில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு எடுப்பவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 95 என்று அழகாக இருக்கும். பிற்பகலில் 220 இருக்கும். மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் பிடிபடும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும் வழுக்கும். சல்ஃபாசலசின் என்ற வாத மருந்து சிலருக்குச் சிவப்பணுக்களின் ஆயுளைக் குறைப்பதால் எண் பொய்யாகக் குறையும், இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் பொய்யாகக் கூடும். இன்னொரு வாத மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சர்க்கரையை உண்மையாகவே சற்றுக் குறைக்கிறது, அது நன்மைதான். ஹெச்பிஏ1சி-யும் விரல் நுனிச் சோதனையும் ஒத்துப்போகாவிட்டால் விரல் நுனியை நம்புங்கள்.

சிறுநீரகத் திறனைக் கணிக்க உதவும் கிரியாட்டினினும் அப்படியே. நீண்டகால முடக்கு வாதத்தில் தசை கரைகிறது. தசை குறைந்தால் கிரியாட்டினினும் குறையும், அதிலிருந்து கணக்கிடும் சிறுநீரகத் திறன் உள்ளதைவிட நன்றாகத் தெரியும். மெல்லிய உடல்வாகு கொண்டவரிடம் 0.7 என்பதைப் பார்த்து நிம்மதி அடையாமல் சிறுநீரில் அல்புமின் கசிகிறதா என்றும் பாருங்கள். அது இதய ஆபத்தின் அடையாளமும்கூட. உடல் மெலிவது இந்த நோயில் நல்ல செய்தி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உடல் நிறை எண் 20-க்குக் கீழ் இருந்தவர்களிடம் இதய மரணம் அதிகம் என்று கண்டறிந்திருக்கிறார்கள்.

மூச்சு வாங்கினால், கால் வீங்கினால் இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி பார்ப்பது பயனுள்ளது. 125 பிகோகிராம்/மி.லி.-க்குக் கீழ் இருந்தால் இதயச் செயலிழப்பு இருக்க வாய்ப்புக் குறைவு. மேலே இருந்தால் அழற்சியாலும் ஏறியிருக்கலாம், எக்கோ எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நடுத்தர, தீவிர இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு டிஎன்எஃப் அடைக்கும் மருந்துகளைத் தவிர்ப்பார்கள், அதனால் இந்த எண் வாத மருந்துத் தேர்வையும் பாதிக்கும். இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் முடக்கு வாதத்தில் நெஞ்சு வலியே இல்லாமல் சற்று உயர்ந்து இருக்கலாம். நெஞ்சு வலியோடு போனால் ஒரே ஒரு ரத்த மாதிரியை வைத்து முடிவு கட்டாமல் சில மணி நேர இடைவெளியில் இரண்டாவது எடுத்து ஏறுகிறதா என்று பார்ப்பதே சரி.

ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை அளக்கும் சோதனைக்குச் செலவழிக்க வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் அதைக் கூட்டும், கூடவே தரும் ஃபோலிக் அமிலம் குறைக்கும். ஆனால் ஹோமோசிஸ்டீனைக் குறைத்ததால் மாரடைப்பு குறைந்ததாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. ஃபோலிக் அமிலத்தை நிறுத்தக் கூடாது, அது வாய்ப்புண்ணையும் கல்லீரல் பாதிப்பையும் தடுக்கத் தரப்படுவது. இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் அளவுகளை ஆய்வகத்தில் அளப்பதும் அன்றாட சிகிச்சையில் எந்த முடிவையும் மாற்றாது.

ஸ்டேட்டின் தேவை என்று முடிவானால் முடக்கு வாதம் அதற்குத் தடையல்ல. ட்ரேஸ்-ஆர்ஏ ஆய்வில் 3,002 நோயாளிகளுக்கு அடோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. அல்லது போலி மாத்திரை தரப்பட்டது. நிகழ்வுகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததால் ஆய்வு முன்கூட்டியே நின்றது. நிகழ்வுகள் 34 சதவீதம் குறைவாகத் தெரிந்தாலும் புள்ளியியல் உறுதி கிடைக்கவில்லை. ஆனால் எல்டிஎல் குறைந்த அளவுக்கு மற்றவர்களிடம் எவ்வளவு பலன் எதிர்பார்ப்போமோ அதோடு இது பொருந்துகிறது. பாதுகாப்பில் குறை தென்படவில்லை. மெத்தோட்ரெக்சேட்டும் ஸ்டேட்டினும் சேரும்போது ஏஎல்டி என்ற கல்லீரல் நொதியைக் கவனியுங்கள். மேல் எல்லையின் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் பொதுவாக ஸ்டேட்டினை நிறுத்துவது பற்றிப் பேச்சு எழும். டோசிலிசுமாப் தொடங்கியதும் கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் மீண்டும் சுறுசுறுப்பாகி சிம்வாஸ்டாட்டினின் ரத்த அளவு இறங்கும். ஏற்கெனவே அதை எடுத்தவருக்கு எல்டிஎல் ஏற இதுவும் ஒரு காரணம்.

வலி புதிதாக வந்தால் எது வாதம், எது ஸ்டேட்டின்? மூட்டில் வீக்கமும் காலை இறுக்கமும் சேர்ந்தால் வாதம். இரு தொடை, கெண்டைக்கால், தோள் தசைகளில் ஒரே மாதிரி வலியும் அசதியும், அதுவும் மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் என்றால் தசைச் சேதத்தைக் காட்டும் கிரியாட்டின் கைனேஸ் பாருங்கள்.

மற்ற மருந்துகள்: ஸ்டீராய்டு எவ்வளவு குறைவாக, எவ்வளவு குறுகிய காலம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. இதய ஆபத்து அளவோடு கூடும். ஆனால் நீண்ட நாள் எடுத்ததைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும், தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை அளக்க வேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் ஐபுபுரோஃபனையும் எடுத்தால் ஆஸ்பிரினின் பலன் தடைபடலாம். சாதாரண ஆஸ்பிரின் எடுத்து அரை மணி நேரமாவது கழித்து, அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரம் முன்பே ஐபுபுரோஃபன் எடுப்பதுதான் பாதுகாப்பான இடைவெளி. டோஃபாசிட்டினிப் பற்றித் தனி எச்சரிக்கை உண்டு. 50 வயதும் அதற்கு மேலும், ஒரு இதய ஆபத்துக் காரணியாவது உள்ள 4,362 பேரிடம் நடந்த ஆய்வில் பெரிய இதய நிகழ்வுகள் டோஃபாசிட்டினிப் குழுவில் 3.4 சதவீதம், டிஎன்எஃப் மருந்துக் குழுவில் 2.5 சதவீதம். 65 வயது தாண்டியவர், புகைப்பவர், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர் வேறு வழி இல்லாதபோது மட்டுமே இந்த வகை மருந்துக்குப் போவது நல்லது.

முடக்கு வாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலே வந்து போவது மற்றவர்களைவிட அதிகம். தோள், தாடை வலியை "வாதம்தான்" என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. திடீர் வியர்வை, படி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்குதல், காரணமற்ற கடும் சோர்வு வந்தால் இசிஜி எடுக்கத் தயங்க வேண்டாம்.

இப்போது உங்கள் அம்மாவுக்குச் செய்ய வேண்டியது: ஊசியைத் தானாக நிறுத்த வேண்டாம். அடுத்த முறை அவரது வாத மருத்துவரிடம் மூட்டு எண்ணிக்கையோடு சிடிஏஐ போடச் சொல்லுங்கள். அது 10-க்குள் இருந்தால் அதே வாரத்தில், அதே ஆய்வகத்தில் கொழுப்பு முழுச் சோதனை, ஏஎல்டி, கிரியாட்டினின், சிறுநீர் அல்புமின், மதிய உணவுக்குப் பின் சர்க்கரை எடுங்கள்; லிப்போபுரோட்டீன்-ஏ இதுவரை பார்க்காவிட்டால் அதையும் சேர்த்துவிடுங்கள். ரத்த அழுத்தத்தை ஒரு வாரம் வீட்டில் காலை, மாலை அளந்து எழுதுங்கள். தேதி, மருந்து அளவு, ஸ்டீராய்டு அளவு, சிஆர்பி, மொத்தக் கொழுப்பு, ஹெச்டிஎல் என்று ஒரே தாளில் கடந்த இரண்டு ஆண்டு எண்களையும் வரிசையாகப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பத்தாண்டு ஆபத்தைக் கணக்கிட்டு, கணிப்பானில் முடக்கு வாதம் இல்லையென்றால் 1.5-ஆல் பெருக்கி, வந்த எண்ணுக்கு உரிய இலக்கோடு அவருடைய 128-ஐ ஒப்பிட்டு ஸ்டேட்டின் முடிவை எடுக்கும்படி கேளுங்கள். நடுத்தர ஆபத்து என்று வந்தாலும் 128 இலக்கைத் தாண்டித்தான் நிற்கிறது. எனவே அந்தப் பேச்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ள வேண்டாம்.